நோயும் நட்பும் நன்றியும் - வில்லியம் கூப்பரின் கவிதைகள் பற்றிய ஒரு நோக்கு

உளநோய்க்கு ஆளான கவிஞனைத் தனிமையின் வடிவமாகக் காண்பது இலக்கிய விமரிசனத்தில் நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு வழக்கமாகும். மனோரதியக் கவிஞரின் காலத்திலே வலுப்பெற்ற இந்நோக்கு, நோயைக் கவித்துவத்தின் விலையாகவும், சமூகத்திலிருந்து விலகிநிற்றலை அதன் இயல்பான விளைவாகவும் கொள்ளும். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞரான வில்லியம் கூப்பரும் (1731-1800) இந்நோக்கின் வழியாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டுள்ளார். தாம் இறைவனால் கைவிடப்பட்டவர் என்ற எண்ணம் அவரது வாழ்வின் பிற்பகுதியில் அவரை விட்டு நீங்கியதேயில்லை. அவர் ஆங்கிலத்தில் இயற்றிய இறுதிச் சொந்தக் கவிதையான ‘கடலில் விடப்பட்டவன்’ அவ்வெண்ணத்தின் முழுமையான வெளிப்பாடு என்பது பலரும் ஒப்பும் கருத்தாகும்.

ஆயினும் அவரது வாழ்க்கை விவரங்கள் இக்கருத்தோடு எளிதிற் பொருந்துவனவல்ல. 1765 ஆம் ஆண்டு மருத்துவமனையிலிருந்து வெளியேறிச் சில மாதங்கள் கழித்து அன்வின் குடும்பத்தாரின் இல்லத்திற் புகுந்தது முதல் 1800 ஆம் ஆண்டிலே இறக்கும்வரை, முப்பத்தைந்து ஆண்டுக் காலம் கூப்பர் தனித்து வாழ்ந்தவரல்லர். அவரது முக்கிய ஆக்கங்களுட் பெரும்பாலானவை நண்பர் எவரேனும் வேண்டிக்கொண்டதன் பேரிலேயே தோன்றின. ஆங்கிலத்திற் கைவிடப்பட்ட நிலையை இவர்போல் ஆழமாகப் பாடியோர் சிலரே. நண்பரால் இவர்போல் இடைவிடாது பேணப்பட்ட கவிஞரும் சிலரே. இவ்விரண்டும் ஒருவரிடத்தே எவ்வாறு கூடின என்பது அவரது கவிதையின் மையமான வினாவாகும். நோய் தீராதவிடத்து, தீர்க்க முயன்றவர்களுக்கு நோயாளி செலுத்தும் நன்றி எத்தகையது என்பதே அவ்வினாவின் உட்பொருள்.

கூப்பரின் முதற் பெருநோய் 1763 இல் ஏற்பட்டது. பிரபுக்கள் சபையின் நடவடிக்கைக் குறிப்பேடுகளுக்குப் பொறுப்பான எழுதுவினைஞர் பதவி அவருக்குக் கிடைக்கவிருந்தது. அதற்குச் சபையின் முன்னிலையில் ஒரு பரீட்சைக்குத் தோற்றவேண்டியிருந்தது. அந்த அச்சத்தைத் தாங்கமாட்டாது அவர் தம்முயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். உறவினர் அவரைச் சென் ஓல்பன்சில் நதானியேல் கொற்றன் என்னும் மருத்துவர் நடத்திய சிறிய இல்லத்திற் சேர்த்தனர். இலண்டனின் பெத்லெம் மருத்துவமனையிலே நோயாளரைக் காட்சிப்பொருளாகப் பொதுமக்கள் கண்டு களிக்கும் வழக்கம் 1770 வரை நீடித்ததை நோக்கும்போது, தாமும் ஒரு கவிஞராக விளங்கிய கொற்றனின் இல்லத்திற் கூப்பருக்குக் கிடைத்த பரிவு அக்காலத்தில் அரிதானதென்பது புலனாகும். மருத்துவனாக வந்தவரிடமே நண்பரைக் கண்டமை அவரது பிற்கால வாழ்வுக்கு ஒரு முன்னறிகுறிபோல் அமைந்தது.

பின்னர் ஹன்ரிங்டன் நகரிலே தங்கியபோது வில்லியம் அன்வின் என்னும் இளைஞர் அவரை நட்புக்கொண்டார். அதன் வழியாக அவ்வில்லம் முழுவதும் அவருக்கு உறவாயிற்று. இளைஞரின் தாயாரான மேரி அன்வின் கூப்பரிலும் சில வயது மூத்தவர். 1767 இல் அவரது கணவர் குதிரையினின்று வீழ்ந்து இறந்தார். அதன்பின்னர் மேரியும் கூப்பரும் ஓல்னி என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அவ்வூரின் உதவிக் குருவான ஜோன் நியூற்றனின் அயலில் வாழ்தலே அப்பெயர்ச்சியின் நோக்கமாகும். 1772 இல் இருவரும் திருமணஞ் செய்யத் தீர்மானித்திருந்தனர். 1773 இன் தொடக்கத்தில் நோய் மீண்டது, திருமணம் நிகழவில்லை, நட்பு மட்டும் நின்றது.

அந்நோயின் தன்மையைக் கூப்பரே பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1786 இல், தம் உறவினரான ஹெஸ்கெத் சீமாட்டிக்கு எழுதிய கடிதத்தில் விளக்கியுள்ளார். யாவரும் தம்மை வெறுப்பதாகவும், அவர்களுள்ளும் அன்வின் அம்மையாரே மிகுதியாக வெறுப்பதாகவும், தமக்கு அளிக்கப்படும் உணவில் நஞ்சு கலந்திருப்பதாகவும் அக்காலத்தில் தாம் நம்பியதாக அவர் கூறுகிறார். அவ்வாறு நம்பிய நிலையிலும் வேறெவரும் தம்மைப் பராமரிக்க அவர் இடங்கொடுக்கவில்லை என்பது வாழ்க்கை வரலாற்றாசிரியர் தரும் செய்தி. நட்பு பற்றிய வழமையான இலக்கியக் கருத்துகள் இவ்விடத்திற் போதாதனவாகின்றன. உதவி செய்வோர், உதவி பெறுவோர், உதவியின் பயன் ஆகிய மூன்றும் தெளிவாகத் தெரியும்போதே செய்ந்நன்றி பற்றிப் பேசுதல் எளிது. பெறுபவர் செய்பவரைப் பகையெனக் கருதும் நிலையில், உணவுத்தட்டை நாள்தோறும் கொண்டுவந்து வைப்பவரின் செயலுக்கு அவ்வேளையில் நன்றி கிடைக்காது. அது கிடைக்கப் பல்லாண்டு செல்லும், கிடைக்காமலும் போகலாம். 1786 ஆம் ஆண்டுக் கடிதம் அவ்வாறு தாமதித்து வந்த ஒரு நன்றியாகும். தமது பிழையான நம்பிக்கையை ஒளிக்காது பதிவு செய்வதன் மூலமே மேரி தாங்கிய சுமை எத்தகையது என்பதை அது உணர்த்துகிறது.

இக்கட்டத்தில் நியூற்றன் பற்றிய விவாதத்தைத் தவிர்க்கவியலாது. அடிமை வாணிபக் கப்பற் தலைவராகவிருந்து சமய வாழ்வுக்குத் திரும்பிய அவரது கடுமையான கல்வினியக் கோட்பாடே கூப்பரின் உள்ளத்தைச் சிதைத்தது என வாதிடும் விமரிசகர் உளர். இதனை முற்றாகத் தள்ளிவிடல் இயலாது. தாம் என்றென்றைக்கும் தள்ளுண்டவர் என்ற எண்ணத்துக்குரிய மொழியைக் கூப்பர் அச்சமயச் சூழலிலிருந்தே பெற்றார். எனினும் 1763 ஆம் ஆண்டு நோய் நியூற்றனைச் சந்திப்பதற்கு நான்காண்டு முந்தியது. நோய்க்கு வடிவங் கொடுத்ததும் நோயைத் தோற்றுவித்ததும் ஒன்றல்ல. மேலும், 1773 இல் நோயுற்ற நிலையில் நியூற்றனின் குருமனைக்குட் புகுந்த கூப்பர் அங்கிருந்து வெளியேற மறுத்தபோது, ஓராண்டுக்கு மேலாக அவரையும் அன்வின் அம்மையாரையும் நியூற்றன் தம் இல்லத்திலேயே வைத்துப் பராமரித்தார். கோட்பாட்டளவிற் பிழைபட்ட ஒருவர் செயலளவில் உண்மையான நண்பராக இருத்தல் கூடும். அவருடைய இறையியலைக் கண்டிக்கும் விமரிசனம் அவர் திறந்துவைத்த கதவையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

நோயினின்று ஓரளவு மீண்ட கூப்பருக்கு நண்பர்கள் அறிவுரையிலும் மேலாக அளித்தவை வேலைகளாகும். 1774 இல் அயலவர் பிள்ளைகளிடமிருந்து ஒரு முயற்குட்டி அவரிடம் வந்து சேர்ந்தது. மேலும் சில குட்டிகள் வந்தன. அவற்றுள் மூன்றினை அவர் வளர்த்தார். வாசிக்கவோ பிறருடன் கூடியிருக்கவோ இயலாதிருந்த அவர், அவற்றுக்குக் கூடுகள் செய்வதற்காகத் தச்சுவேலையிற் கைவைத்தார். அம்முயல்கள் பற்றி அவர் 1784 இல் ஒரு சஞ்சிகைக்கு எழுதிய கட்டுரை, ஆங்கில உரைநடையின் இனிய சிறு ஆக்கங்களுள் ஒன்று. தோட்டமும் வரைதலும் அடுத்து வந்தன. பின்னர் கவிதை எழுதுமாறு மேரி தூண்டினார். அதன் பயனாக 1782 இல் அவரது முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. ஓஸ்ரின் சீமாட்டி என்னும் இன்னொரு நண்பர், எதுகையற்ற செய்யுளில் ஏதேனும் எழுதுமாறு கேட்டு, பொருள் யாதென வினவியபோது தாம் அமர்ந்திருந்த சோபாவையே பொருளாக விதித்தார். விளையாட்டாகத் தொடங்கிய அம்முயற்சி ஆறு பகுதிகள் கொண்ட பெருங்கவிதையாக வளர்ந்து 1785 இல் வெளியாயிற்று. இட்ட பணி எனப் பொருள்படும் ‘த ராஸ்க்’ என்ற தலைப்பே அதன் பிறப்பை அறிவிக்கிறது. நண்பர் இட்ட பணியைக் கவிஞர் நிறைவேற்றினார். பணியிட்டவருக்கான நன்றியாகவும் அது அமைந்தது.

இக்கவிதையின் உருவம் விமரிசகரின் கவனத்துக்குரியது. அதிலே ஒழுங்கான கதைப்போக்கு இல்லை. உலாவும் பாதை, மாரிக்கால மாலை, மூடப்பட்ட திரைச்சீலை, கொதிக்கும் தேநீர்ப் பாத்திரம், அப்போதுதான் வந்து சேர்ந்த பத்திரிகை, பெண்களின் கைகளில் இயங்கும் ஊசிகள் என அன்றாட வாழ்வின் சிறு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வீர காவியத்துக்குரிய செய்யுளிலே வீட்டு வாழ்க்கையைப் பாடியமை பின்வந்த வேட்ஸ்வேர்த் முதலானோருக்கு வழிவகுத்தது என்பது இலக்கிய வரலாறு அறிந்த செய்தி. ஆனால் இவ்வடிவத்துக்குக் கூப்பரின் வாழ்விலே இன்னொரு காரணமும் உண்டு. எதிர்காலத்தை எண்ண அஞ்சும் ஒருவருக்கு ஒரு நாளை முழுமையாக வாழ்ந்து முடித்தலே சாதனை. அந்நாளைத் தாங்கிநிற்பவை தேநீர் வேளையும் உலாவும் வேளையுமே. அவ்வேளைகளை ஒழுங்கு தவறாது அமைத்துக் கொடுத்தவர் மேரி. முதற் பகுதியில், இருபது மாரிகளாகத் தம் கையோடு கைகோத்து நடந்துவரும் துணைவரைக் கவிஞர் சாட்சிக்கு அழைக்கிறார். நன்றி எனத் தனியே எடுத்துரைக்காத பகுதிகளிலும் அம்மையார் அமைத்த நாளின் ஒழுங்கே கவிதையின் ஒழுங்காக இருப்பதைக் காணலாம்.

1791 இன் இறுதியிலும் 1792 இலும் மேரி பாரிசவாதத்தால் தாக்குண்டார். பேணியவர் பேணப்படவேண்டியவரானார். 1793 இல் கூப்பர் அவரைக் குறித்து எழுதிய இரு கவிதைகள் நன்றியின் இரு வேறு இயல்புகளைக் காட்டுகின்றன. முதலாவது ஒரு சொனற். தகுந்த புகழ்மொழியைத் தேடும் கவிஞர், மேரியின் செயல்கள் யாவும் இறைவன் பார்வைக்குரிய ஏடொன்றில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளன என்றும், அப்புகழ் கிடைத்திருக்கத் தம் புகழை நிறுத்திக்கொள்வதாகவும் கூறி முடிக்கிறார். புரவலரைப் புகழும் செய்யுள்மரபு இதனுள் நின்று பேசுகிறது. பொருள் உயர்ந்தது; ஆனால் மேரியின் முகம் அதிலே தெரியவில்லை.

‘மேரிக்கு’ என்ற மற்றைய கவிதை முற்றிலும் வேறானது. தம் வானம் இருண்டு இருபது ஆண்டுகளாகின்றன என அது தொடங்குகிறது. 1773 ஆம் ஆண்டே அவ்வாறு குறிப்பிடப்படுகிறது. ஒருகாலத்தில் அவருக்காக ஓயாது இயங்கி மின்னிய ஊசிகள் இன்று துருப்பிடித்துக் கிடக்கின்றன. மேரியின் பேச்சு கனவிற் கேட்கும் மொழிபோற் குழறுகிறது. கைகள் வலுவிழந்துவிட்டன. இருவர் தாங்கினாலன்றி நடக்கவியலாது, எனினும் நடக்கிறார். ஒவ்வோர் அடித்தொகுதியும் அவர் பெயரை விளித்து முடிகிறது. நீண்ட அடிகள் மூன்றும் அதனைத் தொடரும் குறுகிய விளியும் சேர்ந்து, பேச்சு தளர்ந்துபோன ஒருவரிடம் திரும்பத் திரும்பப் பெயர் சொல்லிப் பேசும் தொனியை உண்டாக்குகின்றன. வாசகரை முன்னிலைப்படுத்தாது கட்டிலருகே இருப்பவரை நோக்கியே இக்கவிதை பேசுகிறது.

இக்கவிதையின் வலிமை அதன் நேர்மையிலே தங்கியுள்ளது. மேரியைத் தளரச்செய்தது தமது துன்பமே எனக் கூப்பர் வெளிப்படையாகக் கூறுகிறார். இறுதி அடிகளில், தமது எதிர்காலமும் கடந்தகாலம் போன்றே அமையுமாயின் மேரியின் உள்ளம் உடைந்துவிடும் என்று அஞ்சுகிறார். நன்றிக் கவிதைகளில் இவ்வாறான முடிவு அரிது. உதவியாற் பெற்ற நன்மையை எடுத்துரைப்பதே அவற்றின் வழக்கம். உதவியவர் அடைந்த கேட்டை அவை பேசுவதில்லை. பேணுதலுக்கு ஒரு விலை உண்டென்பதையும், அவ்விலையை ஒரு பெண் தன் உடலால் இறுத்தார் என்பதையும் மறைக்காது சொல்வதே கூப்பர் செலுத்தும் நன்றி. இக்கவிதையைக் கழிவிரக்கம் எனக் குறைகூறுவோர் அதன் முன்னிலை விளியை மறந்துவிடுகின்றனர். ஒவ்வொரு விளியிலும் பார்வை தம்மிடமிருந்து விலகி அவரிடம் செல்கிறது.

இந்நட்பு ஒருவழிப்பட்டதாகவும் இருக்கவில்லை. 1794 இல் மீண்டும் பெருநோய்க்கு ஆளாகி அசைவற்றிருந்த கூப்பரை எழுப்ப எவராலும் இயலவில்லை. அப்போது பாரிசவாதத்தாற் பாதிக்கப்பட்டிருந்த மேரி, பொழுது நன்றாயிருப்பதாகவும் தாம் நடந்துபார்க்க விரும்புவதாகவும் கூறினார். கூப்பர் உடனே எழுந்து அவரது கையைத் தம் கையோடு சேர்த்துக்கொண்டார் என வரலாற்றாசிரியர் எழுதுவர். ‘உமக்கு நான் உதவுகிறேன்’ என்ற சொல் செய்யமாட்டாததை, ‘எனக்கு உமது உதவி தேவை’ என்ற சொல் செய்தது.

இத்தகைய பேணுதல் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று என்பதையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். ஓய்வும் ஓரளவு வருவாயும் கொண்ட நடுத்தர வகுப்பினரின் இல்லத்திலேயே இது சாத்தியமாயிற்று. ஹெஸ்கெத் சீமாட்டி முதலான உறவினர் பணம் உதவினர். ஹேலி என்னும் நண்பரின் முயற்சியால் 1794 இல் ஆண்டுக்கு முந்நூறு பவுண் அரச உபகாரமும் கிடைத்தது. அதே ஓல்னியில் வறுமையில் உழன்ற ரேந்தை பின்னுவோரைக் கூப்பர் அறிந்திருந்தார். அவர்களுக்காகக் கடிதமும் எழுதினார். அவர்களுள் ஒருவருக்கு இந்நோய் வந்திருப்பின் முப்பது ஆண்டுக் கவனிப்புக் கிடைத்திருக்குமா என்ற வினா எழவே செய்யும். அயற் பிரதேசமான நோதம்ரன்சயரின் ஏழைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஜோன் கிளெயரின் (1793-1864) வாழ்வு அதற்கு ஒரு விடை. 1841 இன் இறுதியிலிருந்து இறக்கும்வரை அவர் நோதம்ரன் உளநோய் மருத்துவமனையில் இருந்தார். அதற்கான கட்டணத்தைப் பிரபு ஒருவர் செலுத்திவந்தார். ஆயினும் அங்கு அவர் பாடிய புகழ்பெற்ற கவிதை, நண்பர் தம்மைக் கைவிட்டனர் என்பதையே முறையிடுகிறது. கட்டணம் செலுத்துதல் வேறு, உடனிருத்தல் வேறு. கிளெயர் வேண்டிநின்றது பின்னையதே. கூப்பருக்குக் கிடைத்ததும் அதுவே.

1795 இல் ஜோன் ஜோன்சன் என்னும் இளம் உறவினர் இருவரையும் நோர்போக்கிற்கு அழைத்துச் சென்றார். 1796 டிசெம்பரில் மேரி இறந்தார். அவரது உடலைக் கண்டு ஒருமுறை அலறிய கூப்பர், அதன்பின்னர் அப்பெயரை உச்சரிக்கவேயில்லை என்பர். அவரை மீண்டும் எழுதவைக்க ஜோன்சன் கையாண்ட முறையும் குறிப்பிடத்தக்கது. கூப்பர் தமது ஹோமர் மொழிபெயர்ப்பை 1791 இல் வெளியிட்டிருந்தார். அவர் நாள்தோறும் கடந்துசெல்லும் அறையொன்றில் போப்பினது ஹோமரின் புதிய பதிப்பை ஜோன்சன் எதுவுங் கூறாது வைத்தார். சில நாளில் கூப்பர் அதனைப் புரட்டிப் பார்த்துக் குறிப்பெடுக்கலானார். தமது மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணியும் மெல்லத் தொடங்கியது.

இப்பின்னணியிலேயே 1799 இல் எழுதப்பட்ட ‘கடலில் விடப்பட்டவன்’ நோக்கப்படல் வேண்டும். அன்சன் என்னும் கடற்படைத் தலைவரின் உலகப் பயணம் பற்றி 1748 இல் வெளியான நூலில் வரும் ஒரு நிகழ்ச்சியே அதன் மூலம். புயலிலே ஒரு மாலுமி கடலில் வீழ்கிறான், வலுவுடன் நீந்துகிறான், கப்பலிலுள்ளோர் உதவ இயலாது வருந்துகின்றனர். அந்நூல் நிகழ்ச்சியைக் கப்பலிலிருந்து காண்கிறது. கூப்பர் அதனை நீருக்குள்ளிருந்து காண்கிறார். இவ்விட மாற்றத்தோடு அவர் இரண்டினை மூலத்திற் புதிதாகச் சேர்க்கிறார். ஒன்று, நண்பர் பீப்பாவையும் கோழிக்கூட்டையும் கயிற்றையும் அவனுக்காகக் கடலில் எறிந்தமை. மற்றையது, தன்னை விட்டு விரையும் கப்பலை அவன் குற்றஞ்சாட்ட மறுத்தமை. புயலிலே நிற்பின் கப்பலும் அழியும் என அவன் அறிவான். நண்பர் அவ்வளவு அருகிலிருக்கத் தனித்து இறத்தல் கசப்பானது என்பதையும் அவன் மறைக்கவில்லை.

இவ்விரு சேர்க்கைகளும் தற்செயலானவை எனக் கொள்ளல் கடினம். கைவிடப்பட்ட நிலையைப் பாடுவது மட்டுமே நோக்கமாயின் நண்பர் எறிந்த பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டவேண்டிய தேவையில்லை. எட்டாதுபோன கயிறும் எறியப்பட்ட கயிறே எனக் கவிதை சாட்சி கூறுகிறது. இறுதி அடிகளில் தமது கடல் அம்மாலுமியின் கடலிலும் ஆழமானது எனக் கவிஞர் கூறும்போது நம்பிக்கை எதுவும் எஞ்சவில்லை. ஆனால் அந்நம்பிக்கையின்மைக்கு அவர் நண்பரைப் பொறுப்பாளிகளாக்கவில்லை. மேரியே தம்மை அதிகம் வெறுப்பவர் என 1773 இல் நம்பிய உள்ளம், 1799 இல், நோய் நீங்காத நிலையிலேயே, நண்பரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே அந்நட்பின் பயனாகும்.

கூப்பரின் நண்பர் அவரைக் குணப்படுத்தவில்லை. நோயின் தீர்வையே அளவுகோலாகக் கொள்ளின் அவர்களின் முயற்சி தோல்வியுற்றதெனவே முடிவுகட்ட நேரும். அக்கவிதைகள் வேறோர் அளவுகோலை முன்வைக்கின்றன. குருமனையின் திறந்த கதவு, மாலை வேளைத் தேநீர், அறையிலே பேசாது வைக்கப்பட்ட நூல், நடக்கமாட்டாதவர் நடக்கவேண்டுமென நீட்டிய கை ஆகியவை நோயை அகற்றவில்லை. நோயோடு வாழத்தக்க நாள்களை உண்டாக்கின. அந்நாள்களிலேயே ‘இட்ட பணி’யும் ‘மேரிக்கு’ம் எழுதப்பட்டன. கூப்பரைத் தனிமையின் கவிஞரெனக் கூறும் விமரிசனம், அவர் எண்ணிக்காட்டிய பீப்பாவையும் கயிற்றையும் அவரைப்போலவே எண்ணிப்பார்த்தல் தகும்.